பழைய பிக்கப்புக்குப் பலகையா, இரும்பா?

இன்னிக்குக் கோயில் விசயம் இல்லை, வண்டி விசயம். நம்ம தொண்டர் குழுவுல பழைய வண்டிப் பைத்தியம் பிடிச்சவங்க நாலஞ்சு பேர் இருக்கோம்னு உங்களுக்கே தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஐம்பதுகள், அறுபதுகள்ல வந்த அமெரிக்க பிக்கப் ஒண்ணை வாங்கிச் சீர் பண்றோம்னு வைங்க. பின்னால சாமான் ஏத்துற தளம் இத்துப்போயிருக்கு. புதுசா பலகை போடுறதா, இரும்புத் தகடு போடுறதா? யாரைக் கேட்டாலும், "இரும்பே போடுங்கண்ணே, நம்ம ஊர் மழைக்குப் பலகை எங்க தாங்கும்?"னுதான் பதில் வருது. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கம்பெனியிலிருந்து பலகையோட வந்த வண்டிக்குப் பலகையே போடுங்க. இரும்போட வந்த வண்டிக்கு இரும்பு போடுங்க. ஆனா இத்துப்போன பலகை மேலேயே இரும்புத் தகடு அடிச்சு மூடுற வேலையை மட்டும் எந்தக் காலத்திலயும் செய்யாதீங்க.

அந்தக் காலத்துல கம்பெனிக்காரன் இரும்புக்கு வழியில்லாமப் பலகை போடலை. 1947ல இருந்து 1955 வரைக்கும் வந்த செவர்லே பிக்கப்பைப் பாருங்க. முன்பக்கம் முழுக்க எஃகு, பின்னால தளம் மட்டும் பலகை. 1967ல இருந்து 1972 வரைக்கும் வந்த செவர்லே வண்டிகள்லகூட பலகைத் தளத்தைப் பார்க்கலாம். அது வேலைக்காரன் வண்டி. கனமான இரும்புச் சாமானைத் தூக்கிப் போட்டா தகடு நசுங்கும். பலகை கீறலோட தப்பிச்சுக்கும். ஒரு பலகை உடைஞ்சா அதை மட்டும் கழட்டி, பக்கத்து மரக்கடையில ஒண்ணு வாங்கி மாட்டிடலாம், வெல்டிங் வேண்டாம். காலி வண்டி ஓடும்போது சத்தமும் கம்மி.

அமைப்பும் ரொம்ப எளிமை. கீழே குறுக்கா இரும்புச் சட்டங்கள். அதுக்கு மேல நீளவாக்குல முக்கால் அங்குலக் கனத்துல பலகைகள். ஒவ்வொரு இரண்டு பலகைக்கும் நடுவுல ஓர் இரும்புப் பட்டை, அதன் வழியா போல்ட் இறங்கும். பட்டை இரண்டு பலகையோட ஓரத்தையும் அமுக்கிப் பிடிக்குது. மேல இழுக்கிற பெட்டியும் பலகையில உரசாம அந்தப் பட்டை மேல வழுக்கிப் போகும். பட்டைக்கு அடியில இரண்டு பலகைக்கும் இடையில கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதைப் பார்த்துட்டு, வேலை சரியா செய்யலைன்னு நினைச்சு மாஸ்டிக் வச்சு அடைக்கிறவங்க இருக்காங்க. அந்த இடைவெளிதான் தளத்துக்கே உயிர். மழைத்தண்ணி கீழே போறதும் அது வழியாத்தான், மரம் வீங்கினா இடம் கொடுக்கிறதும் அதுதான்.

இப்ப அந்தத் தகடு விசயத்துக்கு வர்றேன். நம்ம குழுவுல ஓர் அண்ணன் 1954 செவர்லே ஒண்ணு வாங்கினார். பழைய சொந்தக்காரர் ஏதோ ஒரு பட்டறையில கொடுத்து, பலகை மேல 3 மில்லிமீட்டர் பூத்தகடு போட்டு ரிவெட் அடிச்சு வச்சிருந்தார். மேலே இருந்து பார்த்தா பளிச்சுனு இருக்கு. போன மாசம் கழட்டினோம். பலகை தேத்தண்ணியில ஊறின பிஸ்கட் மாதிரி கையோட வந்துச்சு. அது பரவாயில்லை, பலகைதானே. கீழே இரண்டு குறுக்குச் சட்டத்துல விரல் போற அளவுக்கு ஓட்டை. பின்தொட்டியைச் சேஸியோட பிடிக்கிற போல்ட் இரண்டை நான் கையாலயே திருகிக் கழட்டினேன். அந்த நிலைமையில அண்ணன் நெடுஞ்சாலையில சாமானோட ஓட்டிட்டு வந்திருக்கார். அவசரமா ஒரு பிரேக் அடிச்சிருந்தா தொட்டி முன்னால வந்து கேபினைத்தான் இடிச்சிருக்கும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ரிவெட் ஓட்டை வழியாவும் ஓரத்து வழியாவும் தண்ணி உள்ளே போயிடும், ஆனா வெளியே வராது. நம்ம நாட்டுல வருசத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை. நனைஞ்ச பலகை வெயில்ல காஞ்சா அதுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. காய விடாம மூடி வச்சாத்தான் அழுகும். கோயில்ல மர வாகனத்தைத் துடைச்சதும் ஈரத்தோட துணி போட்டு மூடினா பெரியவங்க சத்தம் போடுவாங்களே, அதே கதைதான். அடியில இருக்கிற இரும்புச் சட்டத்துக்கு அந்த ஊறின பலகை நாள் முழுக்க ஈரத்துணி போர்த்தின மாதிரி. மேலே தகடு இருக்கிறதால எதுவும் கண்ணுக்கும் தெரியாது.

"பலகை கனம், வண்டி எண்ணெய் அதிகமாக் குடிக்கும்"னு ஒரு தம்பி சொன்னார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடிக்கு 8 அடி தளத்துக்கு ஓக் பலகை 19 மில்லிமீட்டர் கனத்துல போட்டா சுமார் 42 கிலோ. வெறும் 1.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு 35 கிலோ. வித்தியாசம் ஒரு அரிசி மூட்டைகூட இல்லை. ஆனா பட்டறைக்காரர் போடுற 3 மில்லிமீட்டர் தகடு 70 கிலோவைத் தாண்டும். பலகை மேல அதைப் போட்டா இரண்டு கனத்தையும் சேர்த்துச் சுமக்குது வண்டி.

எந்த மரம்? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. சிலர் அமெரிக்காவிலிருந்து ஓக் பலகை செட்டாவே வரவழைக்கிறாங்க, கப்பல் செலவோட. அங்கே பெரிய டிரெய்லர் லோரிகளுக்குத் தளம் போட 'அப்பிட்டோங்'னு ஒரு மரத்தைத் தேடி வாங்குவாங்க. அப்பிட்டோங் பிலிப்பீன்ஸ் பேர். நம்ம ஊர்ல அதே இனத்து மரத்துக்குப் பேர் கெருயிங். கிள்ளான் துறைமுகத்துல அடுக்கியிருக்கிற கண்டெய்னர்களுக்குத் தளமா வர்ற 28 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கும் பல காலமா கெருயிங்தான் பேர் போன மரம். அவங்க நம்ம மரத்துல சாமான் ஏத்துறாங்க, நாம அவங்க மரத்தைக் கப்பல்ல வரவழைக்கிறோம்!

ஓக் வாங்கியே ஆகணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அங்கே சூளையில 6லிருந்து 8 விழுக்காடு ஈரம் வரைக்கும் காய வச்சுத்தான் அனுப்புவாங்க. நம்ம காத்துல அது 15 விழுக்காட்டுப் பக்கம் ஏறும். 150 மில்லிமீட்டர் அகலப் பலகை 2, 3 மில்லிமீட்டர் வீங்கும். வந்த அன்னிக்கே நெருக்கி மாட்டினா, அடுத்த மழைக்காலத்துல நடுவுல மேடு தட்டி நிக்கும். ஓக்ல இருக்கிற துவர்ப்புச் சத்து சாதா இரும்பு போல்ட்டை அரிச்சு, பலகையையும் கறுப்பாக்கிடும். அதனால பட்டையும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகுல வாங்குங்க.

கெருயிங்லயும் வம்பு உண்டு. அது பிசின் மரம். வெயில் பட்டா வேர்க்கும், பெயிண்ட் சரியா ஒட்டாது. நல்லாக் காய வச்ச பலகையா வாங்கி, தின்னர் போட்டுத் துடைச்சுட்டுத்தான் அடிக்கணும். தன்னால அழுகலைத் தாங்குற மரமும் இல்லை, மருந்து ஏத்தினதா கேட்டு வாங்கணும். அந்த மருந்துல செம்பு இருந்தா சாதா போல்ட்டைத் தின்னுடும்; இங்கேயும் துருப்பிடிக்காத எஃகுதான். செங்கால் கிடைச்சா ராஜா. மருந்தே வேண்டாம், கறையான்கூடத் தயங்கும். திரெங்கானுவுல படகு கட்டின மரமாச்சே. ஆனா விலை கேட்டா தலை சுத்தும், 19 மில்லிமீட்டருக்கே 54 கிலோ வரும். பழைய பலகை வீடு பிரிக்கிற இடத்துல விசாரிச்சுப் பாருங்க. லேசான சிவப்பு மெராந்தி இதுக்கு வேண்டாம், ரொம்ப மிருது.

கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிச்ச தளம் படத்துல அழகாத்தான் இருக்கு. ஆனா வேலைக்குப் போன அந்தக் காலத்து வண்டிக்குப் பெயிண்ட்தான் அடிச்சு வந்துச்சு, இந்தப் பளபளப்பு பின்னால வந்த கண்காட்சி மோகம். நம்ம வெயில்ல வார்னிஷ் வெடிக்கும், வெடிப்பு வழியா தண்ணி போய் உள்ளே மாட்டிக்கும். கொட்டகையை விட்டு இறங்காத வண்டின்னா அடிச்சுக்கங்க. மழையில நிக்கிற வண்டிக்கு மரத்துல இறங்குற எண்ணெயோ பெயிண்ட்டோ போதும். மேல்பக்கம் மட்டும் அடிச்சுட்டு விட்டுடாதீங்க. அடிப்பக்கம், வெட்டு முனை, போல்ட் ஓட்டைக்குள்ளே, எல்லாத்துலயும் பிரஷ் போகணும். தண்ணி முதல்ல குடிக்கிறது வெட்டு முனைதான்.

இரும்பு வேண்டாம்னு சொல்ல வரலை. தினமும் மணல், சிமெண்ட், எஞ்சின்னு ஏத்தி இறக்குறவங்களுக்கு இரும்புத் தளம்தான் வசதி, தண்ணியடிச்சுக் கழுவிட்டுப் போயிடலாம். அதுக்கும் பலவீனம் உண்டு: தளமும் அடிச் சட்டமும் சேர்ற மடிப்புல மண் தங்கி, உள்ளிருந்து துரு ஏறும். இன்னொண்ணு, அன்னதான அண்டாவை ஈரமான இரும்புத் தளத்துல ஏத்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும், முதல் வளைவுலயே அது ஊர்வலம் போகும். பலகையில அவ்வளவு வழுக்காது. எதுவானாலும் கயிறு கட்டுங்க.

பழைய பிக்கப் வாங்கப் போறவங்க தளத்தை மேலே நின்னு பார்க்காதீங்க. அடியில படுத்து, டார்ச் அடிச்சு, ஒரு ஸ்க்ரூடிரைவரால குறுக்குச் சட்டத்தை நாலு இடத்துல குத்திப் பாருங்க. மேலே பூத்தகடு அடிச்சிருந்தா, ஒரு ஓரத்தையாவது தூக்கிக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க, இல்லைன்னா வந்த வழியே திரும்பிடுங்க.

அண்ணன் வண்டிக்குச் சட்டம் வெல்டிங் முடிஞ்சது. கெருயிங் பலகை வந்து, கோயில் ஸ்டோருக்குப் பின்னால நிழல்ல, இடையில குச்சி வச்சு அடுக்கியிருக்கோம். இன்னும் மூணு வாரம் அங்கேதான் இருக்கும். கோத்தோங் ரோயோங் வர்றவங்க தயவுசெஞ்சு அதை பெஞ்சுன்னு நினைச்சு உட்காராதீங்க, ஈர வாளியும் வைக்காதீங்க.