புள்ளியை முதலில் பார்ப்பது பெண்... மருந்தை முடிவு செய்வது யார்?

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே இருக்கிறது அனுமந்தன்பட்டி. நெல், வாழை, தென்னை, பன்னீர் திராட்சை என எப்போதும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு மண். 2023-ல் `கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அந்தப் பெருமையில், பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நிற்கும் பெண்களின் கழுத்து வலிக்கும் பங்கு உண்டு.

களை எடுப்பது, பழுத்த இலையைக் கிள்ளுவது, குலையில் கெட்ட பழத்தைக் கத்தரிப்பது போன்ற வேலைகளில் பெண்களின் கைதான் அதிகம். அதனால் பூச்சியும் நோயும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். ஆனால் என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்பதைப் பல வீடுகளில் கணவரும் மருந்துக்கடைக்காரரும் பேசி முடித்துவிடுகிறார்கள்.

தாமதத்தின் விலை

திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வந்தால், இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் புள்ளி தெரியும். இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். மழை, ஈரம் சேர்ந்தால் வேகமாகப் பரவும். இதற்கு அடிக்கும் 1 சதவிகித போர்டோ கலவை, நோய் பரவாமல் காக்கும் மருந்து. பரவிய பிறகு அடித்தால் போன இலை திரும்பாது. ``புள்ளி விழுந்திருக்குங்க'' என்று வீட்டில் சொன்ன பேச்சு காதில் ஏற நான்கு நாள் ஆனால், அந்த நான்கு நாளின் நஷ்டமும் குடும்பத்துக்குத்தான்.

கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பதம் சரியா என்று பார்க்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை. குழம்புக்கு உப்புப் பார்ப்பவருக்கு இந்தப் பக்குவம் பிடிபட எவ்வளவு நேரமாகும்?

எதிரியா, நண்பனா?

மாவுப்பூச்சி விஷயம் இன்னும் சிக்கல். அதைத் தின்று அழிக்கும் `கிரிப்டோலேமஸ்' பொறிவண்டை, கொடிக்கு 10 வீதம் விடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்த வண்டின் புழுவும் வெள்ளை மாவு பூசியதுபோல, அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும்! வித்தியாசம் தெரியாமல் மருந்தடித்தால், நமக்காக வேலை செய்யும் பூச்சியை நாமே காசு கொடுத்துக் கொன்றதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, தினமும் பக்கத்தில் நின்று பார்க்கும் கண் வேண்டும். தோட்டத்தில் அது யாருடைய கண் என்று சொல்லத் தேவையில்லை.

பயிற்சி கிடைத்தபோது...

இது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. டென்மார்க் அரசின் உதவியோடு 1986-ல் `தான்வா' என்ற பண்ணை மகளிர் பயிற்சித் திட்டம் இங்கே தொடங்கியது. சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு வேளாண்மைத் துறையின் பெண் அலுவலர்கள் கிராமத்திலேயே பயிற்சி கொடுத்தார்கள். விதை நேர்த்தியிலிருந்து பூச்சி மேலாண்மை வரை கற்றவர்கள், பக்கத்து வயல் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

பிறகு ஏன் இன்னும் கடையில் முடிவாகிறது? காகிதம் ஒரு காரணம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை சுமார் 14 சதவிகிதம்தான். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும், பட்டாவில் பெயர் இல்லாதவரை `விவசாயி' என்று ஊர் கூப்பிடுவதில்லை.

இப்போதே செய்யக்கூடியவை

* மருந்துக்கடைக்கு இருவரும் சேர்ந்து போகலாம். நோய் பட்ட இலையை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது.

* டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் குறையும். பச்சையும் நஞ்சுதான்!

* மருந்தடித்தவரின் துணியைத் துவைப்பவருக்கும் கையுறை வேண்டும். மற்ற துணிகளோடு அதை ஊறவைக்கக் கூடாது.

* சந்தேகம் வந்தால் கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. பெண்களும் நேரடியாகப் பேசலாம், தமிழிலேயே கேட்கலாம்.

தோட்டத்தில் அடுத்த முறை புள்ளி விழும்போது, ``நீ பார்த்ததில் எத்தனை இலையில் இருக்கு?'' என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே போதும். அந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை. தேவையில்லாமல் அடிக்கும் ஒரு டேங்க் மருந்துக்கு உண்டு!