ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டா பேக்கப் ஆயிடுமா?

கொஞ்சம் நீளமான இழை. பிஜி டாக்டர்களுக்காக எழுதுறேன், ஆனா லேப்டாப் வச்சிருக்கிற யாரும் படிக்கலாம். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் ஜூனியர் ஒருத்தங்க கண்ணு செவந்து வந்து நின்னாங்க. கையில ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். டியூட்டி ரூம்ல ஓடிட்டு இருக்கும்போதே மேசையிலிருந்து விழுந்திருக்கு. இப்போ சொருகினா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். உள்ள ஒன்றரை வருஷ தீசிஸ் டேட்டா.

"பேக்கப் எடுத்துதான் சார் வச்சிருந்தேன், அதுவே போயிடுச்சு"ன்னாங்க. சரி, லேப்டாப்ல இருக்குமேன்னு கேட்டேன். அதுல இடம் பத்தலைன்னு கட் பண்ணி டிஸ்க்ல பேஸ்ட் பண்ணிட்டாங்களாம்.

அது பேக்கப்பே இல்லைங்க. ஃபைல் வீடு மாறியிருக்கு, அவ்வளவுதான். ஒரு ஃபைல் ஒரே இடத்துல இருந்தா, அது எந்த இடமா இருந்தாலும் அதுக்கு பேக்கப் கிடையாது. அதுவும் பையில போட்டு வார்டு வார்டா தூக்கிட்டு அலையுற டிஸ்க்! உள்ள தட்டு சுத்தும், அதுக்கு மேல தலைமுடியைவிடப் பல மடங்கு சின்ன இடைவெளியில ஹெட் மிதக்கும். ஓடும்போது விழுந்தா ஹெட் தட்டைக் கீறிடும். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்த்தா கீறல் இன்னும் பெருசாகும். (ஃப்ரீசர்ல வைங்கன்னு ஒரு யூடியூப் வைத்தியம் சுத்துது. செய்யாதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும்.)

டிபார்ட்மென்ட்ல "இவ்வளவு அஜாக்கிரதையா"ன்னு திட்டு வேற. எந்த சீனியர் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்? எதிக்ஸ் கமிட்டி உண்டு, ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸ் உண்டு, பிளேஜியரிசம் சர்டிபிகேட் உண்டு. டேட்டாவை எப்படிப் பத்திரப்படுத்தணும்னு அரை மணி நேர கிளாஸ் நான் படிச்சப்பவும் இல்ல, இப்பவும் இல்ல.

அந்த எக்ஸெல் ஷீட்ல ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். கூலி வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறி, மூணாம் மாசம் ஆறாம் மாசம்னு ஃபாலோ-அப்புக்கு வந்தவங்க. நாம கேட்டோம்னு ரத்தம் கொடுத்தவங்க. அவங்களை மறுபடி வரச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?

"அதான் க்ளவுட்ல இருக்கே"ன்னு ரிப்ளை வரும், தெரியும். க்ளவுட் நல்லதுதான், நானும் வச்சிருக்கேன். ஆனா சிங்க் வேற, பேக்கப் வேற. இங்க அழிச்சா அங்கயும் அழியும். கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படத்தை ஆப்புக்குள்ள அழிச்சா 60 நாள் ட்ராஷ்ல கிடக்கும், அப்புறம் கிடையாது. எக்ஸெல்ல ஒரே ஒரு காலத்தை மட்டும் சார்ட் பண்ணி சேவ் பண்ணிட்டீங்கன்னு வைங்க. ஒருத்தர் சுகர் வேல்யூ இன்னொருத்தர் பேருக்கு நேரா போயிடும். அந்தத் தப்பும் சமர்த்தா சிங்க் ஆகும். அதனால பழைய காப்பி மேலயே புதுசைப் போடாதீங்க, தேதி போட்டுத் தனி ஃபோல்டர். விண்டோஸ்ல ஃபைல் ஹிஸ்டரி, மேக்ல டைம் மெஷின் இதைத் தானாவே செய்யும்.

இன்னொரு கூட்டம் டிஸ்க்கை 24 மணி நேரமும் சொருகியே வச்சிருக்கும். 2017 மே 12 ஞாபகம் இருக்கா? வான்னாக்ரை. இங்கிலாந்துல மட்டும் குறைஞ்சது 80 என்ஹெச்எஸ் டிரஸ்ட்டுகள் பாதிக்கப்பட்டுச்சு. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர் முடங்கி, ஓபி சீட்டைக் கையால எழுதினாங்க. ரான்சம்வேர் லேப்டாப்போட நிக்காது, அதுல சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். காப்பி முடிஞ்சதும் கழட்டுங்க.

எமர்ஜென்சியில டிஃபிப்ரிலேட்டரை தினமும் டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போடுறோம். ஆன் ஆகுது, அதனால ஷாக் கொடுக்கும்னு யாரும் நம்புறதில்ல. ஆனா பேக்கப் டிஸ்க்கைத் திறந்து ஒரு ஃபைலாவது ஓப்பன் ஆகுதான்னு கடைசியா எப்ப பார்த்தீங்க?

நான் பண்றது: லேப்டாப்ல ஒரு காப்பி, ரெண்டு டிஸ்க்ல ரெண்டு காப்பி. ஒரு டிஸ்க் வீட்டுல, இன்னொன்னு ஊர்ல அம்மா பீரோவுல. ஊருக்குப் போறப்போ ரெண்டையும் மாத்திடுவேன். ரெண்டும் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் பண்ணது. பேஷன்ட் போட்டோ இருக்கிற டிஸ்க்கைத் திறந்தபடி பஸ்ல தொலைச்சா, அது ஃபைல் போன கதை மட்டுமில்ல.

செலவு? ரெண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து, ரெக்கவரி லேப் அந்த ஜூனியர்கிட்ட கேட்ட தொகையைவிட ரொம்பக் கம்மி. அவங்களும் கேரண்டி தரல.

இப்போ தினமும் சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு அவங்க ரெக்கார்ட் செக்‌ஷன்ல பழைய கேஸ் ஷீட் தேடிட்டு இருக்காங்க. திட்டின சீனியர்ல ஒருத்தராவது கூடப் போய் ரெண்டு கட்டைப் பிரிச்சுக் கொடுங்க சார்.