பத்திரம் படிக்கும் கூலி

சென்னையை ஒட்டிய அண்ணனூரில் அரைக்கோடி போட்டு வீடு வாங்குகிறவர், தாய்ப்பத்திரம் முதல் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதும் வக்கீலிடம் சில ஆயிரத்துக்குப் பேரம் பேசுகிறார். புரோக்கர் கமிஷனோ மறுபேச்சில்லாமல் போகிறது. வங்கிகளும் அதே சொற்பத் தொகைக்கு இரண்டே நாளில் ஒப்பீனியன் கேட்கின்றன. ஆகவே வக்கீல்கள் பலர் ஆன்லைனில் வில்லங்கச் சான்றான ஈசியை இறக்கி, பழைய ஒப்பீனியனில் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஈசியில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில், விடுதலைப் பத்திரம் எழுதித் தராத அக்கா தங்கை, கோர்ட்டில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கு எதுவும் பெரும்பாலும் தெரியாது. வயல்கள் மனைகளான இந்தப் பக்கத்தில் சர்வே எண் எப்படி உட்பிரிவானது, ஏரிப் புறம்போக்கு ஒட்டுகிறதா என்று பார்க்க பழைய ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் தேடிப் பெரும்பாலும் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்கு யார் கூலி தருகிறார்கள்? சார்பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கவும் முடியாது. விற்பவரின் உரிமையை ஆராய்வது அவர் வேலையல்ல என்று கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்து, தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ-இன் முதல் உட்பிரிவை ரத்து செய்துவிட்டது. வங்கிகள் கட்டணத்தை உயர்த்தி, 30 வருடப் பத்திரங்களைப் படிக்க அவகாசம் தரட்டும். எந்தெந்த மூல ஆவணத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று வக்கீலும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.