விசில் மட்டும் கொடுத்தால் போதுமா?

தெருக் கிரிக்கெட்டில் அம்பயர் யார் என்று யாரும் கவலைப்படுவதில்லை. பேட்டிங் கட்சியில் அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் பையன்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ கிடையாது என்று முதலிலேயே பேசிவைத்துவிடுவார்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஜெர்மனியில் கால்பந்தை அப்படி நடத்திவிட முடியாது. ஊருக்கு ஊர் கிளப் உண்டு. கிளப்புக்குள் வயது வாரியாகப் பிள்ளைகள் அணிகள் உண்டு. வார இறுதி வந்தால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆட்டங்கள். இத்தனை அணி வைத்திருக்கும் கிளப் இத்தனை நடுவர்களைத் தர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, தராவிட்டால் அபராதம். கிளப் என்ன செய்யும்? ஆட்டத்தில் கொஞ்சம் சுமார், ஆனால் பொறுப்பான பிள்ளை என்று பெயரெடுத்த 14 வயதுக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, “நடுவர் வகுப்புக்குப் போகிறாயா?” என்று கேட்கும்.

பிள்ளைக்கும் ஆசைதான். நடுவர் அடையாள அட்டை கையில் இருந்தால் பெரிய லீக் ஆட்டங்களைக்கூட, இடம் இருந்தால், டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கைச்செலவுக்குக் கொஞ்சம் யூரோ கிடைக்கும். வகுப்பும் நல்ல வகுப்புதான். கால்பந்தின் 17 விதிகளையும் பிரித்துப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். எழுத்துத் தேர்வு உண்டு, ஓட்டத் தேர்வு உண்டு. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் இவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை என்பதுவரை பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வருகிற ஒரு சனிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். பையன் சைக்கிளில் மைதானத்துக்கு வருகிறான். ஆடுவது 12 வயதுப் பிள்ளைகள். இந்த மாதிரி ஆட்டங்களுக்குக் கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவர்கள் கிடையாது. எல்லாம் அவன் ஒருவனே. ஒரு த்ரோ-இன்னில் இருந்து கோல் விழுகிறது. “ஆஃப்சைடு! கண் தெரியவில்லையா உனக்கு?” என்று வெளியிலிருந்து ஒரு அப்பா கத்துகிறார். பையன் சொன்னதுதான் சரி. அந்த அப்பாவுக்குத்தான் விதி தெரியாது. ஆனால், நாற்பது வயது ஆள் முகம் சிவந்து கத்தும்போது 14 வயதுப் பிள்ளைக்கு விதியா நினைவுக்கு வரும்? கால் நடுங்குகிறது. அடுத்த ஃபவுலுக்கு விசில் அரைச் சத்தத்தில் வருகிறது. அதற்கடுத்த ஃபவுலுக்கு வருவதே இல்லை. இப்போது கோச்சும் கத்த ஆரம்பிக்கிறார். இந்த முறை அவர் கத்துவதில் நியாயமும் இருக்கிறது.

தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் ஓரிரண்டு பருவத்திலேயே விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது இப்படித்தான். விதி தெரியாமல் போனவர்கள் குறைவு. தனியாக நிற்கப் பயந்து போனவர்களே அதிகம்.

பயப்படக் காரணமும் இருக்கிறது. பக்கத்து நாடான நெதர்லாந்தில், அல்மெரே நகரில், 2012 டிசம்பரில் மகன் ஆடிய ஆட்டத்துக்குக் கொடி பிடிக்கத் தன்னார்வமாக நின்ற தந்தை ஒருவரை எதிரணிப் பிள்ளைகள் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் நாட்டின் உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையும் ரத்தாயின. வழக்கில் ஆறு பதின்பருவத்தினரும், அவர்களில் ஒருவரின் தந்தையும் தண்டனை பெற்றார்கள்.

ஜெர்மானியர்கள் இதற்குக் கண்டிருக்கும் வழிகளில் முதலாவது மிகப் பழசு. புது நடுவரோடு முதல் சில ஆட்டங்களுக்கு அனுபவசாலி ஒருவரை அனுப்புவது. அவரை ‘பாட்டே’ என்கிறார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானத்தகப்பன் என்பார்களே, அதே சொல்தான். அவர் மைதானத்துக்குள் வருவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்பார், இடைவேளையில் பேசுவார்.

அவர் பேசுவதெல்லாம் வகுப்பில் வராத பாடம். சாதாரண ஃபவுலுக்குச் சின்ன விசில், பெனால்டிக்கு நீளமாக, பலமாக. முடிவைச் சொல்லும் கை தாழக் கூடாது. பந்துக்குப் பின்னாலேயே ஓடாதே, ஆட்டம் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி நில். கத்துகிற அப்பாவோடு வாக்குவாதம் வேண்டாம். அந்த அணியின் கோச்சிடம் போ, அவரை அடக்குவது கோச்சின் வேலை. தப்பு செய்துவிட்டால், அதை ஈடுகட்ட எதிரணிக்கு இன்னொரு தப்பைச் செய்யாதே. (கடைசிப் பாடம் பெரியவர்களுக்கும் லேசில் வருவதில்லை.)

இரண்டாவது ஏற்பாடு அண்மையில் வந்தது. ஒரே ஆட்டத்தை இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு பாதியாக நடத்துவது. ‘டாண்டம்’ என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி. முதல் பாதியில் மூத்தவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்த பிள்ளை, இரண்டாம் பாதியில் தானே விசில் எடுக்கும். அவர் வெளியில் நிற்பார். முழு ஆட்டத்தின் பாரமும் முதல் நாளே தலையில் விழாது.

மூன்றாவது, 2024-25 பருவத்திலிருந்து நாடு முழுக்க உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்திருக்கும் நிறுத்த முறை. சூடு ஏறிவிட்டது என்று நடுவருக்குப் பட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். இரண்டு அணியும் தத்தம் பெனால்டி பகுதிக்குப் போய்விட வேண்டும். கேப்டன்களும் கோச்களும் மட்டும் நடுவரிடம் வருவார்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி தொடங்கும். இப்படி இரண்டு முறை செய்யலாம். மூன்றாவது முறையும் தேவைப்பட்டால் ஆட்டமே முடிந்தது. 14 வயதுக் கையில் சிவப்பு அட்டையைவிட இது நல்ல கருவி. யாரையும் தனியாகக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

மிகச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நடுவரையே எடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. ஆகன் பகுதியில் தொடங்கிய அந்த முறையில் ஃபவுலா இல்லையா என்று பிள்ளைகளே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பெற்றோர் மட்டும் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெரியவர்களைத் தள்ளி நிறுத்தினால் பிள்ளைகள் நியாயமாகத்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் இந்த முதல் இரண்டு ஏற்பாட்டுக்கும் ஆள் வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. ஞானத்தகப்பன்களாக வரக்கூடிய மூத்த நடுவர்களுக்கும் அதே சனி, ஞாயிறில்தான் சொந்த ஆட்டங்கள். அதனால் சில ஆட்டங்களோடு துணை முடிந்துவிடுகிறது. உண்மையான தனிமை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 2017-ல் ஜெர்மனியின் முதல்நிலை லீகில் விசில் ஊதிய முதல் பெண் பிபியானா ஷ்டைன்ஹவுஸின் அப்பாவும் நடுவர்தான். வீட்டிலேயே ஒரு ‘பாட்டே’! எல்லாப் பிள்ளைக்கும் அது வாய்க்குமா? ‘நடுவரை மதிப்போம்’ என்று பேனர் அடிக்கிற காசில், ஓய்வு பெற்ற நடுவர்கள் பத்துப் பேருக்குப் பெட்ரோல் போட்டு மைதானத்துக்கு அனுப்பினால் பலன் அதிகம். ஒரு பருவம் முழுக்க, மாதத்துக்கு ஓர் ஆட்டமாவது, தெரிந்த முகம் ஒன்று கோட்டோரம் நிற்க வேண்டும்.

அந்தச் சைக்கிள் பையனின் அடுத்த சனிக்கிழமைக்கு அப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதி முடிந்து, செய்த தப்பையெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டே பையன் கோட்டோரம் வருகிறான். பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். “ஆஃப்சைடெல்லாம் சரி” என்கிறார். “விசிலை மட்டும் இன்னும் கொஞ்சம் பலமா ஊது.”