ஆசிரியர் உரை: நினைவைக் கேட்டவர் யார்?

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் அகப்பட்டுக்கொண்ட தமிழர்களின் நேரடி நினைவுகள் ஒரே அளவில் பதிவாகவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் பேசியது ஓரளவு கிடைக்கிறது. பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் எழுதிவைத்தது கொஞ்சம் உண்டு. சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியரால் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வாயால் சொன்னது மிகக் குறைவு. பட்ட பாட்டையும் செத்தவர் தொகையையும் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. போர்க்கைதிகளின் கணக்கைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது, தொழிலாளர்களின் கணக்கு மதிப்பீடாகவே நிற்கிறது. கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், பெயர்ப்பட்டியல் இருந்தது, மருத்துவர்கள் மறைத்து வைத்த குறிப்பேடுகளும் இருந்தன. மலாயா தோட்டத்து லயத்திலிருந்து நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று சொல்லியோ, சொல்லாமலே வளைத்துப் பிடித்தோ ஏற்றப்பட்டவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கூலி முகாம்களில் யார் எந்த நாளில் இறந்தார் என்று எழுதிவைக்க ஆளில்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அது படைவீரர்களுக்கானது; கூலியாகப் போய்ச் செத்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

போருக்குப் பிறகும் இந்தப் பிளவு தொடர்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் எழுதிய நினைவு நூல்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். தமிழில் இந்தத் துயரைப் பெருமளவு சுமந்தது புனைகதைதான். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்த வேலையைச் செய்தன. நாவலாசிரியர்கள் கேட்டறிந்த பேச்சு அந்தப் பக்கங்களுக்குள் கரைந்திருக்கிறது; யார் சொன்னது, எங்கே சொன்னது, எது இட்டுக்கட்டியது என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது.

செட்டிநாட்டுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் மேடானுக்குப் போய், போர்க்காலத்தை அங்கே கழித்து, 1946இல் ஊர் திரும்பினார். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் அந்த அனுபவத்தின் விளைச்சல். வட்டிக்கடை, கிட்டங்கி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைச்சிப்பந்திகளின் உலகத்தையும் தேசிய ராணுவத்தின் பாசறையையும் அவரைப்போல் ஒருசேரக் காட்டியவர் இல்லை. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்த நாவல்களைச் சாட்சியம்போல் மேற்கோள் காட்டும் பழக்கம் வளர்ந்துவிட்டது. அது நாவலுக்கும் நியாயமில்லை, வரலாற்றுக்கும் நியாயமில்லை. நேரடி எழுத்து என்றால் வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயண நூல் போன்றவை கைக்கு வரும். 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்ததை ஒட்டிப் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் 4 லட்சத்துக்கும் மேல். மலைப்பாதையில் மாண்டவர்கள் பல்லாயிரம். எழுத்து கைவந்த ஒருவர் தாம் நடந்ததை எழுதினார். அவரோடு மூட்டை சுமந்து நடந்தவர்கள் எழுதவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஆகவே வாய்மொழி நினைவுகளைத் திரட்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது, கேள்வி கேட்டவர் யார், எந்தச் சூழலில் கேட்டார் என்பதை. நினைவு பொய்யா மெய்யா என்ற விசாரணை அதற்கு அடுத்தது.

இதற்குத் தெளிவான பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் நினைவுகளை 1936 முதல் 1938 வரை அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் எழுத்தாளர்கள் 17 மாநிலங்களில் பதிவு செய்தார்கள். 2,300க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றில் சார்ல்ஸ்டன் நகரத்து மூதாட்டி ஒருவரின் வாக்குமூலம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. 1937இல் ஜெசி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி போய்க் கேட்டார். நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்த மூதாட்டி, தன் பழைய எஜமானர் நல்லவர் என்றே பேசினார். அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவர் கேட்டபோது அதே மூதாட்டி சாட்டையடியைச் சொன்னார், பிள்ளைகள் விற்கப்பட்டதைச் சொன்னார், தாய்மார் அழுததைச் சொன்னார். ஒரு பதிவில் அவர் பெயர் சூசன் ஹாம்லின், மற்றதில் சூசன் ஹாமில்டன். இரண்டும் ஒருவரே என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டுகொள்ள முடிந்தது கேட்டவர்களின் பெயரும் மூதாட்டியின் முகவரியும் தாளில் இருந்ததால்தான். அவை இல்லாதிருந்தால், நல்ல எஜமானரிடம் இருந்த ஒருத்தி, கெட்ட எஜமானரிடம் இருந்த ஒருத்தி என்று இரண்டு பேர் வரலாற்றில் நின்றிருப்பார்கள்.

நிவாரண அலுவலகத்தின் இடத்தில் தமிழ்நாட்டில் இருந்தது தியாகிகள் ஓய்வூதியம். மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, 1980இல் விரிவாக்கப்பட்டது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால் உடன் சிறையிருந்தவரின் சான்றிதழ் வேண்டும். மலாயாவிலும் பர்மாவிலும் தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் பிரிட்டிஷ் முகாம்களில் அடைபட்டு, கப்பலேறி ஊர் வந்தவர்கள் பல ஆண்டுகள் இந்த மனுக்களோடு அலைந்தார்கள். அதன் விளைவு அவர்களுடைய பேச்சிலும் ஏறியது. எந்தப் படைப்பிரிவு, யார் தலைமை, எந்தச் சிறை, எத்தனை மாதம் என்ற வரிசையில் கதை இறுகிவிட்டது. பிற்காலப் பேட்டிகள் பலவற்றில் இந்த வரிசை பிசகாமல் வருவதைக் காணலாம். மனுவில் கேட்கப்படாதவை பேட்டியிலும் வருவதில்லை: படையில் சேருமுன் தோட்டத்தில் என்ன கூலி, சேர்ந்தது ஆர்வத்திலா, சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்திலா, பாசறையில் சாதி பார்த்தார்களா, திரும்பி வந்தபோது நிலம் யார் கையில் இருந்தது. தேசிய ராணுவத்தில் சேர்ந்தால் சயாம் ரயிலுக்குத் தப்பலாம் என்ற கணக்கும் தோட்டங்களில் இருந்தது. இதைச் சொல்வது தியாகத்துக்குக் குறைவு என்று மனுதாரர் நினைப்பார், கேட்பவரும் நினைப்பார். பதிவாளர் அப்படி நினைக்கத் தேவையில்லை.

அதிகாரிகளின் குரலே உரக்கக் கேட்பதும் இதோடு சேர்ந்தது. பீட்டர் வார்டு ஃபே 1993இல் வெளியிட்ட தேசிய ராணுவ வரலாறு, கான்பூரில் அப்படையின் அதிகாரிகளாயிருந்த பிரேம் சாகல், லட்சுமி சாகல் தம்பதியிடம் நீண்ட காலம் பேசிப் பெற்ற செய்திகளின் மேல் நிற்பது, அருமையான நூல். ஜான்சி ராணி படைப்பிரிவின் பெண்களைப் பின்னாளில் சிலர் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார்கள். மலாயாத் தோட்டத்திலிருந்து வந்த சிப்பாயிடம் அந்த அளவு நேரம் உட்கார்ந்தவர் குறைவு. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று மையம் 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக்காலப் பேட்டிகளைத் திரட்டியது. கேள்வி, பதில், பேட்டியாளர் பெயர், தேதி எல்லாம் சேர்ந்தே கிடைப்பதால் அங்கே எதையும் சரிபார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு முறையான பெருந்தொகுப்பு உருவாகவில்லை. இருப்பவை கல்லூரி ஆய்வேடுகளின் பின்னிணைப்பாகவும் வீட்டுப் பெட்டிகளில் கேசட்டாகவும் சிதறிக் கிடக்கின்றன.

செட்டிநாட்டில் களப்பணி செய்வோருக்கு ஒரு வசதி உண்டு: தேதியை நிலைநிறுத்தக் காகிதம் இருக்கும். 1942இல் ரங்கூனை விட்டது எந்த மாதம் என்று கேட்டால் முதியவரிடம் விடை வராது. அக்காள் கல்யாணத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் வரும். செட்டிநாட்டு நகரத்தார் திருமணத்தின் இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தச் சீட்டில் தமிழ்த் தேதி இருக்கும். அதை ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடல்கடந்த வட்டிக்கடைக்கு ஆள் போனது மூன்று வருடக் கணக்கில் என்பதால், சம்பளச் சீட்டும் ஐந்தொகையும் கிடைத்தால் எந்தத் தவணையில் போர் குறுக்கிட்டது என்று தெரிந்துவிடும். மலாயாவிலிருந்து வந்தவர்களிடம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானே திறக்கும்: அரிசி எப்போது தீர்ந்தது, மரவள்ளிக்கிழங்கு எப்போது சோறானது, நோட்டு எப்போது செல்லாமல் போனது என்று ஒவ்வொன்றும் ஒரு காலக்குறி. பழைய ஆவணங்களில் தேடும்போது சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது என்பதை மறக்கக் கூடாது. போர்க்காலப் பட்டியல்களில் காரைக்குடிக்காரரும் தேவகோட்டைக்காரரும் இராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருப்பார்கள்.

எழுத்தாக்கத்தில் நடக்கும் சேதம் பெரிது. காரைக்குடி வீட்டில் ‘அப்பச்சி’ என்றால் தகப்பனார். வெளியூர் மாணவர் அதைத் தாத்தா என்று எடுத்துக்கொண்டால் கடல்கடந்து கொண்டுவிற்கப் போனவர் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விடுவார். பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிட்டு நாடாவை எறிந்துவிடும் வழக்கமும் இருந்தது. இதற்கு மாறாக, அமெரிக்க எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1927இல், கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கட்ஜோ லூயிஸைச் சந்தித்து அவர் பேசியபடியே எழுதினார். பேச்சுமொழியை மாற்றச் சொன்ன பதிப்பகத்துக்கு அவர் இணங்கவில்லை. அந்த நூல் 2018இல்தான் வெளிவந்தது. அவர் மாற்றியிருந்தால் சீக்கிரம் அச்சேறியிருக்கும், ஆனால் லூயிஸின் குரல் போயிருக்கும்.

போர் நினைவு என்றாலே கடல்கடந்த ஆண்களைத் தேடிப்போவது இன்னொரு குறை. நகரத்தார் பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். 1942 தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் பிடித்த ஊர்களிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. ஆயிரம் சன்னல் வீட்டில் வரவு நின்றுபோனது. புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் ஆச்சிகள் குடும்பம் நடத்தினார்கள். எந்த நகை எப்போது அடகுக்குப் போனது, எந்த வேலையாளை நிறுத்தினார்கள், பிள்ளைகளின் சடங்குகளை யார் முன்னின்று செய்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருந்தன. பேட்டி எடுக்கப் போனவர்கள் முகப்பில் உட்கார்ந்து ஐயாவிடம் பேசிவிட்டு வந்தார்கள். இரண்டாங்கட்டுக்குள் போய்க் கேட்டவர் அரிது. அதே வீட்டில் சமைத்தவர்கள், மாடு பார்த்தவர்கள், பண்ணையில் உழைத்தவர்கள் ஆகியோருக்கு அந்த ஆண்டுகள் எப்படிப் போயின என்று கேட்ட பதிவு அதைவிட அரிது.

இப்போது காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது. 1943இல் இருபது வயதில் இருந்தவர் இன்று நூறு தாண்டியிருப்பார். இனி வேலை பெரும்பாலும் இரண்டாம் தலைமுறையிடமும், ஏற்கெனவே எடுத்துவைத்த ஒலிநாடாக்களிலும்தான். மகன் சொல்லும் அப்பாவின் கதையை நேரடி நினைவு என்று பெயரிட்டு வைப்பது மோசடிக்குச் சமம். கேட்டறிந்த நினைவு என்றே அட்டவணையில் எழுத வேண்டும். வெயிலிலும் கரையான் ஏறும் பரணிலும் கிடக்கும் கேசட்டுகளின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. அவற்றை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவுக்குக் குறையாமல், சுருக்காத ‘வேவ்’ கோப்பாக மாற்றுவது உலக ஒலிக் காப்பகங்கள் வகுத்த குறைந்தபட்சத் தரம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு கேட்க உதவும், காப்பகத்துக்கு உதவாது.

சேகரிப்பது எப்படி என்பதற்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரிகள் உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றிக் காந்தியின் படச்சுருள்களைத் திரட்டி 1940இல் ஆவணப்படமாக்கினார். 1943 முதல் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் பழைய ஆவணங்களைத் தேடித்தேடி மறுபதிப்பு செய்தார். அதே கோட்டையூரின் ரோஜா முத்தையா வீடு கொள்ளாமல் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் 1992இல் மறைந்த பிறகு சென்னையில் ஆய்வு நூலகமாயின. அச்சிட்ட தாளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் குரலுக்குக் கிடைக்கவில்லை.

ஒலிநாடாவோ பேட்டிக் குறிப்போ வைத்திருக்கும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தாரும் அவற்றை ஒரு பொது நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது பேசியவர் பெயரோடு கேட்டவர் பெயர், இடம், தேதி, அருகில் யார் இருந்தார்கள், எதற்காகக் கேட்கப்பட்டது, என்னென்ன கேள்விகள் என்ற தாளையும் கூடவே சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் தொலைந்திருந்தால், கேட்டவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.