டீசல் காருக்குள்ளே உலோகப் பொடி... ஒரு இன்ஜெக்டரை மட்டும் மாத்தினா போதுமா?

சிங்கம்புணரியிலிருந்து கிளம்பி, கொட்டாம்பட்டியில் நான்குவழிச் சாலையில ஏறி, மதுரைக்குப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. செகண்ட்ஸில் வாங்கின டீசல் கார். திடீர்னு வண்டி இழுக்கலை. மஞ்சள் இன்ஜின் லைட் எரியுது. ஓரங்கட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலை. மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியில கவிழ்க்கிறார். துணி முழுக்க வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுப்பு!

``ஃபில்டரை மாத்திட்டா சரியாகிடுமாண்ணே?'' என்று கேட்கத் தோணும். ஆகாது. ஏன்னு பார்ப்போம்.

பொடி எங்கிருந்து வருது?

இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில், உயரழுத்த பம்ப் சுமார் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும். அந்த பம்ப்புக்குத் தனியா ஆயில் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் டீசல்தான் அதுக்கு மசகு. டீசலில் தண்ணீர் கலந்தாலோ, தவறுதலா பெட்ரோல் ஊத்திட்டாலோ, டேங்க் காலியாகிக் காத்து புகுந்தாலோ பம்ப்பின் உலோகப் பரப்புகள் நேரடியா உரச ஆரம்பிக்கும். அதிலிருந்து உதிர்வதுதான் அந்தப் பொடி.

பொடி முதலில் ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போகும். மிச்ச டீசலோடு ரிட்டர்ன் லைன் வழியா டேங்க்குக்கே திரும்பும். ஃபில்டர் இருப்பது பம்ப்புக்கு முன்னாடி. அதனால, ஃபில்டரிலேயே பொடி தெரியுதுன்னா அது ஏற்கெனவே ஒரு சுற்று போயிட்டு வந்திருச்சுன்னு அர்த்தம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பொடி என்ன பாடு படுத்தும்னு நீங்களே யோசிங்க.

பெரிய இடத்திலும் நடக்குது

2021 ஜூலையில் மஹிந்திரா நிறுவனம், நாசிக் ஆலையில் தயாரான 600-க்கும் குறைவான டீசல் வண்டிகளைப் பரிசோதிப்பதாக அறிவிச்சது. ஆலைக்கு வந்த எரிபொருளில் மாசு இருந்து, இன்ஜின் பாகங்கள் சீக்கிரம் தேயலாம்ங்கிறதுதான் காரணம். அமெரிக்காவில் அதே ஆண்டு, உயரழுத்த பம்ப் கோளாறுக்காக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் பிக்கப் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2025 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் அருகே, முதல்வரின் பயணத்துக்காக டீசல் நிரப்பிய 19 வண்டிகள் வரிசையா நின்னுபோச்சு. டீசலில் தண்ணீர்! அந்த பங்க்குக்கு சீல் வெச்சாங்க.

``பிஎஸ்-6 டீசல்தான் காரணம்''னு ஒரு பேச்சு இருக்கு. 2020 ஏப்ரலில் டீசலின் கந்தக அளவு 50 பிபிஎம்-லிருந்து 10 பிபிஎம் ஆகக் குறைஞ்சது உண்மை. கந்தகத்தை நீக்கும்போது இயற்கையான வழவழப்பும் குறையும்ங்கிறதும் உண்மை. ஆனா, அதை ஈடுகட்ட மசகுச் சேர்மானம் கலக்குறாங்க. அதுக்குத் தர அளவும் இருக்கு. அதனால, சுத்திகரிப்பு ஆலையைத் திட்டுவதற்கு முன்னாடி, அதுக்குப் பிறகான பயணத்தைப் பாருங்க. மழைத்தண்ணீர் இறங்கும் நிலத்தடி டேங்க், டிராக்டருக்காக வாங்கிவெச்ச துருப்பிடிச்ச பேரல், மாசக்கணக்கில் கேனில் கிடந்த டீசல்... சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

பொடி வந்துட்டா என்ன செய்யணும்?

* வண்டியை ஓட்டாதீங்க. கட்டி இழுத்துட்டுப் போங்க.
* பம்ப்பில் இருக்கும் மீட்டரிங் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க. அங்கேயும் பொடி இருந்தா பம்ப் போயிடுச்சுன்னு அர்த்தம். காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்பு. அலுமினியம் ஒட்டாது, அதனால `ஒட்டலையே'ன்னு நிம்மதியாகிடாதீங்க.
* பம்ப், இன்ஜெக்டர்கள், ரெயில், குழாய்கள், ஃபில்டர் எல்லாத்தையும் மாத்தணும். இல்லைன்னா அந்தந்த பாகத்தைப் பரிசோதிச்சு உறுதிப்படுத்தணும். டேங்க்கை இறக்கிக் கழுவணும். ஒரு இன்ஜெக்டரை மட்டும் மாத்தினா, மிச்சமிருக்கும் பொடி புதுசையும் காலி பண்ணும்.

பல கார்களில் இந்த பில் லட்சத்தைத் தாண்டும். பழைய காரை வெச்சு வாடகை ஓட்டுறவருக்கு இது வண்டி விலையில் பாதி. ஆனா தடுக்க ஆகும் செலவு ரொம்பக் கம்மி. நிறுவனம் சொன்ன கிலோமீட்டருக்குள் நல்ல ஃபில்டர் மாத்துங்க. ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிச்சு விடுங்க. கால் டேங்க்குக்குக் கீழே போகவிடாதீங்க. பெட்ரோல் மாறி ஊத்திட்டா, சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க.

ஒவ்வொரு முறையும் பில் வாங்குங்க. டீசல்மேல் சந்தேகம்னா, டேங்க்கைக் காலி பண்றதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்துவெச்சு, மெக்கானிக்கிட்ட எழுத்துல அறிக்கை வாங்குங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கு போடலாம். கையில் பில்லும் சாம்பிளும் இல்லைன்னா, `டீசல் நல்லாத்தான் இருந்துச்சு'ன்னு ஒரே வரியில் முடிச்சிடுவாங்க.