யாருடைய கோடு?

எங்கள் தமிழ்த்துறை ஆண்டுமலரின் அட்டையை வடிவமைக்கும் பொறுப்பை இம்முறை மாணவர்களிடமே விட்டிருந்தோம். பாலைத்திணைச் சிறப்பிதழ். வந்து சேர்ந்த ஐந்து மாதிரிகளில் மூன்றில் ஒரே பறவைக் கூட்டம் ஒரே சாய்வில் பறந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் வெடித்த நிலத்தின்மேல் மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. விசாரித்தபோது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோஷாப் தூரிகைகளைத் தரவிறக்கிச் சொடுக்கியதாகச் சொன்னார்கள். ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கவில்லை. ஆயினும் மூவருக்கும் ஒரே வானம் வாய்த்திருந்தது.

இதைக் காட்டிக் கணினியையே பழிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பழிக்குமுன் அந்தத் தூரிகை எப்படி இயங்குகிறது என்பதையாவது அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

பெயர்தான் தூரிகை, உண்மையில் அது ஒரு முத்திரை. நாம் இழுக்கும் கோடு, ஒரு சிறு உருவம் நெருக்கமாக மீண்டும் மீண்டும் குத்தப்படுவதால் உண்டாவது. அந்த உருவம் சாம்பல்நிறச் சாயைகளாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. கறுப்பு இருக்குமிடத்தில் வண்ணம் முழுமையாக விழும், சாம்பலில் மங்கி விழும், வெள்ளையில் விழாது. எந்த வண்ணம் என்பதைத் தீட்டும்போது நாம் தீர்மானிக்கிறோம். 2002இல் வந்த ஃபோட்டோஷாப் ஏழாம் பதிப்பு இந்த முத்திரையை நெகிழ்த்தியது. ஒவ்வொரு குத்தலிலும் அளவும் கோணமும் மாறலாம், உருவங்கள் சிதறி விழலாம், பேனாப் பலகையில் கையின் அழுத்தத்திற்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வரலாம்.

சொந்தமாக ஒன்றைச் செய்வதும் பெரிய வித்தையன்று. ஒரு வெள்ளைத் தாளில் மைத்தடம் ஒன்றைப் பதித்து ஸ்கேன் செய்து, வண்ணத்தை நீக்கி, தாளின் அழுக்கு தெரியாதவாறு வெள்ளையை வெளுப்பாக்கி, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, எடிட் பட்டியலில் உள்ள தூரிகை வரையறைக் கட்டளையைக் கொடுத்தால் முடிந்தது. பணம் கொடுக்க இயலாதவர்களுக்குக் கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அதில் பல உருவங்களை ஒரே தூரிகைக்குள் அடுக்கி, ஒவ்வொரு குத்தலுக்கும் வெவ்வேறு உருவம் விழும்படி செய்யவும் வழியுண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான செய்தியாக இருக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் ஒரே தொடர்களும் அடைகளும் மீண்டும் மீண்டும் வருவதைக் கொண்டு, அவை வாய்மொழி மரபின் வாய்பாடுகளால் கட்டப்பட்டவை என்று கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில் வாதிட்டார். அம்முடிவை முழுதும் ஏற்காதவர்களும் அத்தொடர்கள் திரும்ப வருவதை மறுக்க இயலாது. அதனால் அப்பாடல்களின் பெருமை குறைந்துவிட்டதா என்ன? பொதுவில் கிடக்கும் தொடரை எடுத்துத் தன் பாடலின் தேவைக்கு வளைப்பவன் கவிஞன். வளைக்காமல் அப்படியே ஒட்டுபவன் செய்யுள் கட்டுபவன். தூரிகைக்கும் இதுவே பொருந்தும். பிறர் செய்ததை எடுத்தாளுவதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அதன் கோணத்தையோ இடைவெளியையோகூட மாற்றாமல், பாலையில் மேப்பிளை உதிர்ப்பதைத்தான் குற்றம் என்கிறோம்.

ஆகவே மாணவர்களைக் கல்லூரிக்குப் பின்னாலுள்ள பொட்டலுக்கு அனுப்பினோம். காய்ந்த பனையோலைக் கிழிசலும் கருவேல முள்ளும் கொண்டுவந்தார்கள். மையில் தோய்த்துத் தாளில் பதித்தார்கள். அந்தத் தடங்களிலிருந்து பிறந்த தூரிகைகள் அழகாகவே இருந்தன. இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

ஒரு மாணவர் வேறொன்று செய்திருந்தார். எங்கள் மலருக்குப் பல ஆண்டுகள் அட்டை வரைந்துதந்து, சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓவிய ஆசிரியரின் பழைய அட்டைகளிலிருந்து மைக்கோடுகளை வெட்டியெடுத்துத் தூரிகையாக்கியிருந்தார். அதைக் கொண்டு அவர் தீட்டிய மரத்தைக் கண்டு துறையே ஒரு கணம் வாயடைத்து நின்றது. ஆசிரியரே திரும்பி வந்தாற்போல் இருந்தது. அதையே அட்டையாக்கலாம் என்று எங்களில் பாதிப்பேர் சொன்னார்கள். மறுபாதிக்கு ஏதோ உறுத்தியது.

ஓவியரின் கைத்தடம் தூரிகையாகப் பலர் கைக்குப் போவது புதிதன்று. கைல் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க ஓவியர் தாம் உருவாக்கி விற்றுவந்த தூரிகைகளை 2017இல் அடோபி நிறுவனத்திற்கே கொடுத்தார். ஆனால் அவர் அறிந்து, விலைபேசிக் கொடுத்தார். எங்கள் ஆசிரியரிடம் யார் கேட்டது?

அம்மாணவரை அழைத்துக்கொண்டு ஆசிரியரின் மனைவியைப் பார்க்கச் சென்றோம். மடிக்கணினியில் அம்மரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். பிறகு மெல்ல, "ஆனா அவர் ஒரு கோட்ட ரெண்டாந்தரம் அப்படியே போட்டதில்லையே தம்பி" என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது. எனினும் அம்மரம் அட்டைக்குச் செல்லவில்லை. மலரின் உள்ளே, யாருடைய கோடுகளிலிருந்து யார் தீட்டியது என்ற குறிப்போடு ஒரு பக்கத்தில் வெளியாகிறது. அட்டைக்கு, அதே மாணவர் இரண்டு வாரம் மைப்புட்டியோடு அமர்ந்து, தம் கையால் நாற்பது கோடுகள் போட்டு, அவற்றில் ஏழைத் தூரிகையாக்கி வரைந்தார். ஆசிரியரின் கோட்டிலிருந்த உறுதி அவற்றில் இல்லை, சற்று நடுங்குகின்றன. ஆனால் அந்த நடுக்கம் அவருடையது.

சிற்றிதழ் நடத்தும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. பிறர் தூரிகையைப் பயன்படுத்தினால் செய்தவர் பெயரை வடிவமைப்பாளர் பெயருக்கருகே அச்சிடுங்கள். மறைந்தவர் கையை எடுப்பதானால் உரியவர்களிடம் கேளுங்கள். ஆண்டுக்கொரு இதழுக்கேனும் உங்கள் மண்ணில் கிடைக்கும் ஒரு தடத்தை நீங்களே பதித்துப் பாருங்கள். கவிதையில் ஒரு சொல் இரவலாக வந்தால் மூலம் எது என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறோம். அக்கவிதைக்கு மேல் அட்டையில் கிடக்கும் கோட்டைப் பற்றி ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?